ரிக் வருவதற்கு முன்: பில்பராவில் துளை போட நில உரிமையாளர்களிடம் பேசுவது எப்படி

பெர்த்தில் ஏதாவது ஒரு சின்ன எக்ஸ்ப்ளோரேஷன் (கனிம ஆய்வு) கம்பெனியில் சேர்ந்ததும் நம் ஊர் ஜியாலஜி பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ரிக் எப்போ வரும்க்கா?" என்பதுதான். ரிக்கை, அதாவது துளை போடும் இயந்திரத்தை, ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். துளை போடும் நிலத்தின் பூர்வகுடி உரிமையாளர்களிடம் முறையாகப் பேசி, நடந்து பார்த்து, ஒப்புதலோடு மண்ணைத் தொட அதைவிட நிறைய நாள் ஆகும். இங்கே எனக்கு அதுதான் வேலை. சேலத்தில் மேக்னசைட் பார்த்துப் படித்த நான், இப்போது பெரும்பாலும் மனிதர்களைப் பார்த்துப் பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதை இங்கே எழுதுகிறேன். சொல்வதெல்லாம் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு, அதிலும் குறிப்பாக பில்பரா பக்கத்துக்கு. மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு.

முதலில் ஜூகன் பள்ளத்தாக்கைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 2020 மே 24 அன்று ரியோ டின்டோ கம்பெனி தன் ப்ரோக்மேன் 4 இரும்புச் சுரங்கத்தை விரிவாக்க அங்கே வெடி வைத்து இரண்டு பாறைக் குகைகளை அழித்தது. அவற்றில் ஒன்றில் 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்து தங்கிப் போன தடயம் இருந்தது. அந்த நிலம் புட்டு குன்ட்டி குராமா, பினிகுரா மக்களுடையது. அவர்களைச் சுருக்கமாக பி.கே.கே.பி. என்பார்கள். வெடி வைத்தது சட்டப்படி குற்றமில்லை. 2013-லேயே மாநிலத்தின் 1972 பூர்வகுடி பாரம்பரியச் சட்டத்தின் பிரிவு 18-ன் கீழ் அமைச்சரின் அனுமதியை வாங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு, எப்படியும் அழியப்போகிற இடம்தானே என்று அகழாய்வு செய்தபோது 28,000 ஆண்டுப் பழமையான கங்காரு எலும்புக் கருவியும், மனிதத் தலைமுடியால் பின்னிய 4,000 ஆண்டுப் பழைய பட்டையின் துண்டும் கிடைத்தன. அந்த முடியின் டி.என்.ஏ. இன்று வாழும் பி.கே.கே.பி. மக்களோடு பொருந்தியது. இவ்வளவு தெரிந்த பிறகும், கொடுத்த அனுமதியைத் திரும்ப யோசிக்க அன்றைய சட்டத்தில் வழியே இல்லை.

நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயத்தை நான் எல்லாப் புதியவர்களிடமும் சொல்வேன். சுரங்கத்தை எப்படி வெட்டுவது என்று கம்பெனியிடம் நான்கு திட்டங்கள் இருந்தன. மூன்றில் குகைகளைத் தொடாமலே வேலை செய்திருக்கலாம். சுமார் 80 லட்சம் டன் கூடுதல் தாதுவுக்காக நான்காவதைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற மூன்று இருப்பதை அந்த மக்களிடம் சொல்லவே இல்லை. கூட்டங்கள் நடந்தன, கையெழுத்துகள் இருந்தன, கோப்பு சுத்தமாக இருந்தது. மாற்று வழி ஒன்று உண்டு என்பது தெரியாதவரிடம் "சம்மதமா?" என்று கேட்டு வாங்கிய பதிலுக்கு என்ன மதிப்பு? கீழே நான் சொல்வதில் பாதி, இந்த ஒரு தவறு திரும்ப நடக்காமல் இருப்பதற்காகத்தான்.

யாருடைய நிலம்?

உங்கள் லைசென்ஸ் எண்ணை வைத்து மாநில சுரங்கத் துறையின் டென்கிராஃப் வரைபடத்தில் எல்லையைப் பாருங்கள். அப்புறம் தேசிய நேட்டிவ் டைட்டில் தீர்ப்பாயத்தின் நேட்டிவ் டைட்டில் விஷன் என்ற இலவச வரைபடத்தில் அதே எல்லையைப் பொருத்துங்கள். நேட்டிவ் டைட்டில் என்பது, வெள்ளையர் வருவதற்கு முன்பிருந்தே தங்கள் மரபுச் சட்டப்படி பூர்வகுடிகளுக்கு நிலத்தின் மேல் இருந்த உரிமையை நாட்டின் சட்டம் ஏற்றுக்கொள்வது. 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) மாபோ வழக்கில் அதை ஏற்றது. வழக்குத் தொடுத்த எடி மாபோ அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். நேட்டிவ் டைட்டில் சட்டம் 1993-ல் வந்தது. 1996-ன் விக் தீர்ப்புக்குப் பிறகு, மாட்டுப் பண்ணைக்குக் குத்தகை விட்ட நிலத்திலும் இந்த உரிமை தொடர முடியும் என்று ஆனது. அதனால் ஸ்டேஷன்காரர் (பண்ணைக்காரர்) கேட்டைத் திறந்துவிட்டார் என்பதற்காக வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

உரிமை தீர்மானமான இடம் என்றால் அதைப் பராமரிக்க ஒரு பூர்வகுடி கார்ப்பரேஷன் இருக்கும். அதை பி.பி.சி. (PBC) என்பார்கள். பேச வேண்டியது அவர்களிடம். கோரிக்கை மட்டும் பதிவாகி, தீர்ப்பு வராத இடம் என்றால் கோரிக்கையாளர்களின் பிரதிநிதியிடம். பில்பராவில் பல குழுக்களுக்கு யமஜி மார்ல்பா அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. ஒரே லைசென்ஸில் இரண்டு குழுக்களின் நிலம் வந்தால் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும்.

டவுனில் பழக்கமான ஒருவர் "அது எங்க நிலம்தான், நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னதை வைத்து வேலையைத் தொடங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் யார் எந்த இடத்துக்காகப் பேசலாம் என்பதை முடிவு செய்வது அவர்களுடைய சட்டமும் அவர்களுடைய குழுவும்தான். நாம் ஆள் பொறுக்கினால் அவர்களுக்குள் சண்டையை மூட்டிவிட்டுப் போகிறோம்.

சட்டத்தின் கடிகாரம்

ஆய்வு லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால், கொடுக்க உத்தேசித்திருப்பதாக அரசு நேட்டிவ் டைட்டில் சட்டத்தின் பிரிவு 29-ன் கீழ் அறிவிப்பு வெளியிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான ஆய்வு லைசென்ஸ்களை விரைவு நடைமுறையில் போடுவார்கள். அதாவது இந்த வேலை மக்களின் சமூக வாழ்க்கையில் நேரடியாகக் குறுக்கிடாது, முக்கியமான இடங்களைத் தொடாது, நிலத்தைப் பெரிதாகக் கலைக்காது என்று அரசு சொல்கிறது. நில உரிமையாளர்கள் அறிவிப்பு நாளிலிருந்து 4 மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் வந்துவிட்டால் நம் மேலாளர்கள் முகம் சுருங்கும். அதைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் பேச்சுக்கு உட்கார வைக்க அவர்களிடம் இருக்கும் ஒரே கதவு அது. விண்ணப்பம் போடும்போதே ஹெரிடேஜ் ஒப்பந்தத்தை, அதாவது அவர்களுடைய பாரம்பரிய இடங்களைக் காக்கும் உடன்பாட்டை, பேசத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் அது தேவைப்படாது.

சுரங்க லீஸ் என்றால் பேச்சுவார்த்தை உரிமை முழுதாக வருகிறது. நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். 6 மாதம் கழிந்தும் உடன்பாடு இல்லையென்றால் எந்தத் தரப்பு வேண்டுமானாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சட்டத்தில் அவர்களுக்கு "கூடாது" என்று சொல்லும் உரிமை கிடையாது. தீர்ப்பாயத்துக்குப் போனால், லாபத்திலோ எடுக்கும் தாதுவிலோ பங்கு கொடு என்று தீர்ப்பாயம் சொல்லவும் சட்டம் இடம் தரவில்லை. தீர்ப்பாயம் சுரங்கத்தை மறுத்தது மிக அபூர்வம். 2009-ல் மார்ட்டு மக்களின் உப்பு ஏரியில் பொட்டாஷ் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது அப்படி ஒன்று. அப்போது டிஸப்பாயின்ட்மென்ட் ஏரி என்றிருந்த அதற்கு இப்போது கும்புபின்டில் ஏரி என்று பெயர். வடக்கு ஆட்சிப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே 1976-ன் நில உரிமைச் சட்டப்படி பூர்வகுடி நிலத்தில் ஆய்வையே மறுக்கலாம்.

ஆக, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள், பேச்சு முறிந்தால் இழப்பு தங்களுக்குத்தான் என்று தெரிந்தே பேசுகிறார்கள். இதை மறக்காத ஆளால்தான் நேர்மையாகப் பேச முடியும். உங்கள் கம்பெனியில் யாராவது "எப்படியும் கிடைச்சிடும், எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?" என்றால், டிம்பர் க்ரீக் வழக்கைச் சொல்லுங்கள். 2019-ல் உயர் நீதிமன்றம், நிலத்தோடான ஆன்மிக உறவு பாதிக்கப்பட்டதற்கு மட்டும் 13 லட்சம் டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. பணத்தின் மொழி மட்டுமே புரிகிறவர்களுக்கு அது புரியும்.

முதல் கடிதம், முதல் கூட்டம்

துளைகளின் இடத்தை முடிவு செய்துவிட்டு "இதற்கு அனுமதி கொடுங்கள்" என்று போகாதீர்கள். இலக்கு எது, ஏன் என்று சொல்லுங்கள். எந்தெந்த வழியில் துளை போடலாம் என்ற மாற்றுகளை வரைபடத்தில் காட்டுங்கள். பெரும்பாலான ஆய்வுத் துளைகளைச் சில பத்து மீட்டர் தள்ளிப் போட்டாலும், சாய்வை மாற்றினாலும் அதே தாதுப் படுகையை வெட்ட முடியும் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

கடிதத்தோடு என்னென்ன வைப்பது? ரிக்கின் புகைப்படம், அது நிற்கும் பேட் எத்தனை மீட்டருக்கு எத்தனை மீட்டர், பாதை எவ்வளவு அகலம், மரம் வெட்ட வேண்டுமா, தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், துளையிடும் நீர் தேங்கும் சம்ப் குழி எவ்வளவு ஆழம், கேம்ப் எங்கே, எத்தனை வண்டி. தண்ணீரைப் பற்றிய கேள்விதான் அநேகமாக முதலில் வரும். அந்த வறண்ட நாட்டில் ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஒரு கதையும் காவலும் உண்டு. "எடுப்போம், கொஞ்சம்தான்" என்பது பதில் ஆகாது. எந்தக் கிணறு, நாளுக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். கோடையில் சடங்குக் காலம் வரும். அப்போது பல சமூகங்களில் யாரும் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், சில சாலைகளே மூடப்படும். துக்கம் நேர்ந்தால் எல்லாம் நிற்கும். இறுதிச் சடங்கு முடிய வாரக்கணக்கில் ஆகலாம். நம் வீட்டில் சாவு விழுந்த அன்று எவனாவது வந்து கையெழுத்து கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அட்டவணையில் இதற்கு முன்கூட்டியே இடம் விடுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் பல குடும்பங்களில் கூடாது. பழைய சர்வே புகைப்படங்களை ஸ்லைடில் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூத்தவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று அழைக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. முதல் நாளே நாமாக ஆரம்பிக்காமல், எப்படி அழைக்கலாம் என்று கேட்டுவிட்டு அழைப்பது நல்லது. கூட்டத்தில் நீளமான அமைதி வந்தால் பேசி நிரப்பாதீர்கள். அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும் என்றால் எழுந்து வெளியே போங்கள். ஒரே கூட்டத்தில் பதில் கேட்காதீர்கள். அவர்களுடைய வக்கீல், மானுடவியலாளர், பயணம், சாப்பாடு, நேரம் எல்லாவற்றுக்கும் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும். அதை நன்கொடை போலப் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நம் கன்சல்டன்ட் மணிக்கணக்கில் பில் போடும்போது யாரும் முகம் சுளிப்பதில்லையே?

வயதானவர்கள் சிலர் உங்களை நம்பவே மாட்டார்கள். கிம்பர்லியில் நூன்கன்பாவில் 1980-ல் புனித இடத்தில் எண்ணெய்க் கிணறு தோண்ட, யுங்கோரா மக்கள் மறித்தும், போலீஸ் காவலோடு லாரிகளை அனுப்பியது அன்றைய மாநில அரசு. தோண்டியும் எண்ணெய் கிடைக்கவில்லை. அதையெல்லாம் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஒரு நல்ல கூட்டத்தில் அந்த அவநம்பிக்கை கரைந்துவிடாது.

ஒப்பந்தத்தில் நான் தேடும் வரிகள்

சர்வே, அதாவது முக்கியமான இடங்கள் உண்டா என்று அவர்களோடு நடந்து பார்ப்பது, முடியாமல் மண்ணைத் தொடக் கூடாது என்பது எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அதற்கு மேல் மூன்றைத் தேடுவேன். முதலாவது, வாயைக் கட்டும் ஷரத்து இருக்கக் கூடாது. ஜூகனில் அந்த மக்கள் வெளிப்படையாக எதிர்ப்புச் சொல்ல முடியாதபடி ஒப்பந்தமே அவர்களைக் கட்டிப் போட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. இரண்டாவது, பிரிவு 18 விண்ணப்பத்தை எதிர்க்க மாட்டோம் என்ற முன்கூட்டிய வாக்குறுதி இருக்கக் கூடாது. மூன்றாவது, புதிதாக ஏதாவது தெரிய வந்தால் வேலை நிற்க வேண்டும், திரும்பப் பேச வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். சர்வே அறிக்கையும் அதிலுள்ள அறிவும் யாருடையது என்பதையும் தெளிவாக எழுதுங்கள். அது அவர்களுடையது.

சர்வே நாள்

போகும் முன் அரசின் ஹெரிடேஜ் பதிவேட்டில் தேடுங்கள். அதில் ஒன்றுமில்லை என்று வந்தால் நிம்மதி அடையாதீர்கள். பதிவாகாத இடத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவேடு காலியாக இருப்பதற்கு அங்கே யாரும் சர்வே செய்யவில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

பில்பராவின் கிழக்கே ஒரு தங்க ஆய்வில் நடந்தது இது. ஓடைக்கரையை ஒட்டி வரிசையாகத் துளைகளுக்கு ஆணி அடித்து ரிப்பன் கட்டியிருந்தோம். மூத்த பெண்கள் இருவர், ஆண்கள் மூவர், ஒரு தொல்லியலாளர், நான். ஸ்பினிஃபெக்ஸ் புல் கணுக்காலைக் குத்த, வரிசை வரிசையாக நடந்தோம். ஒரு ஆன்ட்டி பாதையிலிருந்து விலகி ஒரு கல்லருகே போய் நின்றார். தட்டையான கல், குப்புறக் கிடந்தது. அவர் சொன்ன பிறகு தொல்லியலாளர் குனிந்து, ஓரத்தை லேசாகத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கம் எங்கள் பாட்டி வீட்டு அம்மி மாதிரி நடுவில் வழவழவென்று தேய்ந்த பள்ளம். புல்விதை அரைத்த கல். போகும்போது தூக்கிச் சுமக்க முடியாது என்பதால், அடுத்த முறை வரும்போது மழையும் தூசியும் படாமல் இருக்கக் கவிழ்த்து வைத்துப் போவார்களாம். அதைச் சுற்றிப் பார்த்தால் செதுக்கிய கல் சில்லுகள் ஓடை வரைக்கும் சிதறிக் கிடந்தன. என் துளைகளில் இரண்டு அதன் நட்டநடுவே. அங்கேயே உட்கார்ந்து வரைபடத்தை விரித்து, இரண்டையும் மேட்டுக்கு நகர்த்தி, சாய்வை மாற்றினோம். கல்லை இருந்தபடியே கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தோம்.

பிற்பகலில் ஒரு பாறைத் திட்டு வந்தது. ஆண்கள் தாமாகவே வண்டிக்குத் திரும்பிவிட்டார்கள். பெண்கள் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். அங்கே சொன்னதை நான் எழுதப் போவதில்லை. கம்பெனிக்குக் கொடுத்த வரைபடத்தில் ஒரு எல்லைக்கோடும் "வேலை கூடாது" என்ற குறிப்பும் மட்டும்தான் இருந்தது. ஏன் என்று ஒரு மேலாளர் திரும்பத் திரும்பக் கேட்டார். காரணம் தெரியாமலே ஒரு இடத்தை விட்டு விலகி நிற்க முடியாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. ஆண்களுக்கு மட்டுமான இடங்களில் நானும் அப்படித்தான் வண்டியில் உட்கார்ந்திருப்பேன். இதனால்தான் சர்வே குழுவில் ஆண்களும் பெண்களும் இருக்கும்படி முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும்.

எதையும் பொறுக்கிப் பையில் போடாதீர்கள். புகைப்படம் எடுக்கக் கேளுங்கள். ஜி.பி.எஸ். புள்ளி எடுக்கவும் கேளுங்கள். கல் கருவி, அரைகல் மட்டுமல்ல, பட்டை உரித்த வடு உள்ள மரம், பாறையில் தண்ணீர் தேங்கும் குழி, கல்லை அடுக்கிய வரிசை, கருவிக்குக் கல் உடைத்த இடம், செதுக்கோவியம் எல்லாமே இடங்கள்தான். எந்தத் தடயமும் இல்லாத வெறும் குன்றும் கதையால் இடமாகும். அதைத் தொல்லியலாளரால் சொல்ல முடியாது. மூத்தவர்களால்தான் முடியும்.

ரிக் வந்த பிறகு

விலக்க வேண்டிய எல்லைகளை ட்ரில்லர், டோசர் ஓட்டுநர் எல்லோருடைய ஜி.பி.எஸ்.ஸிலும் நீங்களே ஏற்றுங்கள், மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். கண்காணிக்க அவர்கள் ஆள் அனுப்பினால், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை முதல் நாள் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால் நிறுத்தி, விலகி, ரிப்பன் கட்டி, போன் செய்யுங்கள். எலும்பு என்றால் போலீஸுக்கும் சொல்ல வேண்டும்.

பிரிவு 18 பற்றி. விலக வழியே இல்லாதபோது, ஒரு இடத்தைப் பாதிக்க அமைச்சரிடம் கேட்பது அது. ஆய்வுத் துளைக்கு அந்த நிலை வருவதாக யாராவது சொன்னால் திட்டத்தைத் திரும்ப வரையச் சொல்லுங்கள். சட்டத்தைப் படிக்கும்போது தேதியையும் பாருங்கள். 2021-ன் புதிய பூர்வகுடி பாரம்பரியச் சட்டம் 2023 ஜூலை 1-ல் அமலாகி, அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டு, 1972-ன் பழைய சட்டமே திருத்தங்களோடு திரும்பி வந்தது. இணையத்தில் கிடைக்கும் பல வழிகாட்டிகள் அந்தச் சில மாதச் சட்டத்தை வைத்து எழுதியவை. திருத்தங்களில் முக்கியமானவை இரண்டு. அனுமதிக்குப் பிறகு புதிய தகவல் கிடைத்தால் அமைச்சருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அவர் முடிவை மாற்றலாம். நில உரிமையாளர்களும் இப்போது அமைச்சரின் முடிவை எதிர்த்து மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு நிலத்தில் வேலை செய்யும் கம்பெனிக்கு மட்டும்தான் அந்த வழி இருந்தது.

துளைகளை மூடி, சாம்பிள் பைகளை அள்ளி, சம்பை நிரப்பிய பிறகு அவர்களைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அசே (சாம்பிளில் உலோகம் எவ்வளவு என்ற சோதனை) முடிவு வந்ததும், பங்குச் சந்தைக்கு அறிவித்த கையோடு அவர்களுக்கும் எளிய மொழியில் சொல்லுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

சின்னக் கம்பெனிகள் லைசென்ஸை விற்பார்கள், ஆட்கள் மாறுவார்கள். ஜூகனின் முக்கியத்துவம் தெரிந்தவர்கள் அந்தக் கம்பெனிக்குள்ளேயே இருந்தும், முடிவெடுப்பவர்கள் வரை அது போய்ச் சேரவில்லை. அதனால் நீங்கள் வேலையை விடும்போது ஒப்பந்தம், சர்வே அறிக்கை, விலக்கு எல்லைகளின் கோப்பு, கூட்டத்தில் வாயால் கொடுத்த ஒவ்வொரு வாக்குறுதியின் பட்டியல் எல்லாவற்றையும் அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். லைசென்ஸ் கைமாறினால், வாங்குகிறவர் ஹெரிடேஜ் ஒப்பந்தத்தின் கடமைகளை ஏற்றுக்கொள்ளும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாரா என்று வக்கீலிடம் கேளுங்கள். போட்டிருந்தால் அதன் நகலை நில உரிமையாளர்களுக்கு அனுப்பிவிட்டு, புதிய ஆளை நேரில் கூட்டிப் போய் அறிமுகம் செய்துவிட்டு வாருங்கள்.